கல்மடை ஆடியின் முத்திரை உடைந்தது குறித்து வேள் செங்கோடனார்க்கு விடுத்த ஓலை

நன்மை பெருகுக. முளரியாறு வற்றாது ஓடுக. ஓடும் நீர் கரைக்குள் ஓடுக.

செம்மலைநாடு ஆளும் கோமகள் வானவல்லியாரின் குடைநிழலில் நின்று துறைநாட்டின் பதினெட்டுத் துறைகளையும் காப்பவரும், பகைவர்முன் வளையாதவரும், பசித்தவர்முன் நிமிராதவருமான வேள் செங்கோடனார் திருமுன்பு, அரசவைப் பட்டய எழுத்தன் ஏனாதி நெடுஞ்சேந்தன் வணங்கி எழுதும் ஓலை. வேளின் மனையும் மக்களும் நலமுறுக, ஆனிரை பெருகுக, தங்கள் நாட்டு மழை தங்கள் நாட்டிலேயே பெய்க.

பட்டயம் எழுதுவோர் தம்மை நான் என்று எழுதுவதில்லை என்பது வேள் அறிந்த மரபு. முப்பத்தோராண்டு அவ்வாறே எழுதிக் கை பழகிவிட்டது. ஆகவே இவ்வோலையிலும் நெடுஞ்சேந்தன் என்பவன் மூன்றாம் மனிதனைப் போலவே வந்து போவான்.

தாங்கள் விடுத்த ஓலை வந்தது. முளரியாற்றின் கல்மடையைக் காக்கும் கொற்றி என்பவள் கைச்சுடராடியின் முத்திரையை உடைத்துவிட்டாள் என்றும், தென்கோபுரத்தார் அவளைக் காவலிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் விலக்கும்படி முறையிட்டுள்ளனர் என்றும், வரும் முழுநிலவுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருப்பதால், பட்டயத்தை எழுதியவனே அதற்குப் பொருள் கூறவேண்டும் என்னும் நாட்டு வழக்கின்படி பொருள் கூறி அனுப்புக என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் விடை எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் வாழ்வைக் கொண்டுபோய்விடும் என்பதால், நடந்ததை முதலிலிருந்து எழுத நெடுஞ்சேந்தன் துணிந்தான். ஓலை நீண்டிருப்பதைப் பொறுத்தருள்க.

கைச்சுடராடி என்பது உள்ளங்கை அகலமுள்ள வெண்கல ஆடி; நடுவே ஒரு கீலும் மேலே ஒரு மூடியும் உடையது. வெயிலை அதில் வாங்கி வேண்டிய திசைக்குத் திருப்பி, மூடியைத் திறந்தும் அடைத்தும் சொல்லை ஒளியாக அனுப்பலாம். முன்பெல்லாம் இவ்வாறு பேசும் ஆடிகள் மலைக்கோபுரங்களில் மட்டுமே இருந்தன. ஓர் உழவனுக்கு அடுத்த ஊருக்கு அவசரச் செய்தி சொல்ல வேண்டுமானால், மலையேறிப் போய்க் கோபுரக்காரர் உண்டு உறங்கி எழும்வரை காத்துக் கிடக்க வேண்டும். கஞ்சூர் வெண்கலத் தச்சன் அழிசி இந்தக் கையாடியைச் செய்த நாளிலிருந்து, வயலில் நின்றபடியே கோபுரத்தோடு பேசலாம் என்றாயிற்று. கோபுரத்தின் துணையே இல்லாமல் ஒருவரோடு ஒருவர் நேரே பேசலாம் என்றும் ஆயிற்று. பின்னது கோபுரத்தாருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது.

நாட்டின் கோபுரங்களை வடகோபுரத்தார், தென்கோபுரத்தார் என இரு கணத்தார் பங்கிட்டு ஆள்வதும், கல்மடை தென்கோபுரத்தார் எல்லையில் இருப்பதும் தாங்கள் அறிந்தவையே. எந்தக் கையாடியும் அந்தந்த எல்லைக் கணத்தாரின் பார்வைச்சாலையில் சோதிக்கப்பட்டு, முத்திரை பெற்ற பின்னரே மக்கள் கைக்குப் போகவேண்டும் என்பது பட்டயம்.

சென்ற ஆண்டு ஆனித் திங்களில், சமவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே மலையில் பெய்த மழை முளரியாற்றில் இறங்கியது. ஆற்றுமணலில் வெள்ளரி பயிரிட்டிருந்த கீழூர் மக்களுக்குக் கொற்றி முரசறைந்தாள். காற்று எதிரே வீசியதால் ஓசை முதல் ஊரைத் தாண்டவில்லை. பதினொருவர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி கொற்றியின் தங்கை. பிஞ்சு பறித்த கூடையை இடுப்பில் வைத்தபடி நீரில் போனாள்.

ஈமக்கடன் முடிந்த எட்டாம் நாள் கொற்றி தலைநகருக்கு நடந்தே வந்து, அரசவை வாயிலில் நின்று, தனக்கு ஒரு கையாடி வேண்டும் என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. கோமகளார் உடனே இசைந்தார். அழிசி இருபது நாளில் ஆடியைச் செய்து தந்தான். அதைப் பார்வைச்சாலையில் சேர்த்து, முத்திரை பெற்று, கொற்றியிடம் ஒப்படைக்கும் பணி நெடுஞ்சேந்தனுக்கு வந்தது. பட்டயம் எழுதியவனுக்கு வழி தெரியாதா என்று அவையில் எல்லோரும் எண்ணினர்; அவனும் அப்படித்தான் எண்ணினான்.

வேள் அவர்களே, அதன்பின் நடந்ததை எழுதவே கை சலிக்கிறது. முதலில் ஆடியைப் பெற்றுக்கொள்ள நல்ல நாள் இல்லை என்றனர். நல்ல நாள் வந்தபோது சோதிப்பவர் மகள் திருமணத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, ஒளி மிகுதியாக இருப்பதால் கோபுரக்காவலர் கண் கூசும் என்று திருப்பி அனுப்பினார். அழிசி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியைச் சற்று மங்கலாக்கித் தந்தான். தான் செய்த பொருளைக் கெடுத்துக் கொடுக்கும்படி கேட்ட முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்று அவன் சொன்னான். அடுத்து விளிம்பு கணத்தாரின் நீலநிறத்தில் இல்லை என்றனர். நீலம் பூசிக் கொடுத்தால், அது தங்கள் நீலம் அன்று, வடகோபுரத்தார் நீலம் என்றனர்.

நெடுஞ்சேந்தன் செருப்புத் தேயப் பதினான்கு முறை பார்வைச்சாலைக்கு நடந்தான். ஒவ்வொரு முறையும் கணத்தலைவர் மாறங்கண்ணனார் எழுந்து வந்து கைகூப்பி, இளநீர் வெட்டச் செய்து, இன்னும் ஒரு திங்கள் பொறுக்கவேண்டும் என்று பணிவோடு வேண்டினார். கடுஞ்சொல் சொன்னால் சண்டையாவது போடலாம். இளநீர் கொடுப்பவரிடம் என்ன செய்வது? ஒருமுறை ஆடியைப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தியதில் உள்ளறைக்கு அழைத்துப் போயினர். சன்னல் இல்லாத அறை. வெயிலில் பேசும் பொருளை இருட்டில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தனர். இது என்ன சோதனை என்று கேட்டதற்கு, இருட்டில் அது தவறாக எதுவும் பேசவில்லை என்று சோதிப்பவர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

இதற்கிடையே கடல் கடந்த நாட்டு மாலுமிகள் நம் துறைகளிலேயே இறங்கி, நாம் காணாத புதிய வகை ஆடிகளை இடுப்பிலிருந்து எடுத்துத் தங்கள் கப்பல்களோடு பேசிக்கொண்டிருந்தனர். நம் ஊர்ச் சிறுமியர் அதை வேடிக்கை பார்த்தனர். அழிசியும் முதல் ஆடியை விட மும்மடங்கு நல்லதொன்றைச் செய்து முடித்துவிட்டான். அதைப் பார்வைச்சாலையில் கொடுக்க மனம் வராமல் பரணில் போட்டு வைத்திருக்கிறான்.

பார்வைச்சாலையில் சேர்த்த ஒன்பதாம் திங்களில் ஆடி வெளிவந்தது. ஆனால் போன ஆடி வேறு, வந்த ஆடி வேறு. கீலில் ஓர் ஆணி அறைந்திருந்தனர். அது தெற்குத் திசைக்கு, அதாவது தென்கோபுரத்தை நோக்கி மட்டுமே திரும்பும். ஆணியின் மேல் அரக்கு முத்திரை. முதுகில் கணத்தாரின் வாழ்த்து வெட்டப்பட்டிருந்தது. எந்தச் செய்தியைச் சொல்லுமுன்னும் அவ்வாழ்த்தைப் பத்தொன்பது மின்னலில் முதலில் அனுப்பவேண்டும், இல்லையேல் கோபுரம் செவிகொடாது என்றனர். மூழ்குபவன் முதலில் கோபுரத்தாரைப் புகழ்ந்துவிட்டுத்தான் மூழ்கவேண்டும் போலும் என்று நெடுஞ்சேந்தன் சொன்னான். மாறங்கண்ணனார் சிரித்தார், இளநீர் வந்தது.

கிடைத்ததே போதும் என்று அவனே அதைக் கல்மடைக்குக் கொண்டுபோனான். கொற்றி கைகழுவி, முந்தானையில் துடைத்து, இரு கையாலும் வாங்கினாள். மடையின் மேல் நின்று தெற்கே திருப்பினாள். எதிரே கூகைக்குன்று நின்றது. தென்கோபுரம் அதற்கு அப்பால் இருக்கிறது. கல்மடையிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. வடகோபுரமோ ஆற்றுக்கு அக்கரையில் பளிச்சென்று தெரிந்தது. கீழே வெள்ளரிக்கொல்லைகளும் தெரிந்தன. ஆடி அவ்விரு பக்கமும் திரும்பாது. ஒன்பது திங்கள் சோதித்தவருள் ஒருவர்கூடக் கல்மடைக்கு வந்து பார்க்கவில்லை. பதினான்கு முறை நடந்த நெடுஞ்சேந்தனும் வந்து பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

கொற்றி அரக்கின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். உடைக்காதே, பட்டயம் எக்காரணத்தாலும் உடைக்கலாகாது என்கிறது, முறையிட்டு வேறு முத்திரை வாங்கித் தருகிறேன் என்று நெடுஞ்சேந்தன் கூறினான். அவள் சரி என்றாள். அவன் முறையிட்டான். முறையீடு ஆராயப்படும் என்று விடை வந்தது. அதன்பின் அது கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது.

பின் நடந்ததைக் கொற்றியின் வாய்மொழியாகவே தருதல் தகும். சாட்சியின் சொல்லைத் திருத்தாமல் எழுதவேண்டும் என்பது அவை வழக்காதலால், அவள் கூறியது கூறியவாறே பின்வருமாறு.

"காலம்பற வெயிலு நல்லா அடிச்சுக்கிட்டிருந்துச்சு. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. மலைப்பக்கம் ஓசை கேட்டுச்சு. அப்புறம் மடைக்கு மேக்கால மணல்ல கொப்புளம் கெளம்புச்சு. போன வருசமும் இப்படித்தான் கெளம்புச்சு. மொரச அடிச்சேன். காத்து எதுக்கால அடிக்குது, ஒருத்தரும் நிமிரல. ஆடிய எடுத்தேன். தெக்கால திருப்புனா அந்தக் குன்னுதான் தெரியுது. குன்னுகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. பெரியவரு ஒடைக்காதன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. என் தங்கச்சியும் ஞாபகம் இருந்தா. மீன் அரியிற கத்திய வச்சு நெம்புனேன். ஆணி தெறிச்சு ஆத்துல விழுந்துச்சு. வாழ்த்தெல்லாம் சொல்லல. கீழ்த்தெசைக்கு மூணு தரம் அடிச்சேன். மடையிலருந்து வெளிச்சம் கண்ணுல அடிச்சா மணல விட்டு ஏறிடணும்னு முன்னயே பேசி வச்சிருந்தோம். கொல்லையில புள்ளிபுள்ளியாத் தெரிஞ்ச சனம் நிமிந்துச்சு. ஓடுறது தெரிஞ்சுது. கடேசி ஆளு கரையேறுற வரைக்கும் கைய எறக்கல. அம்புட்டுதான். தப்புன்னா தப்புதான். ஆத்த விட்டுப் போன்னு மட்டும் சொல்லிராதீங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது."

அன்று மணலில் இருந்தவர் இருநூற்றுப் பதினால்வர். இருநூற்றுப் பதினால்வரும் கரையேறினர். வெள்ளரிக்கொடிகள் மட்டும் கடலுக்குப் போயின.

மூன்றாம் நாள் கணத்தாரின் முறையீடு தங்களிடம் வந்தது. அதன் படியொன்று நெடுஞ்சேந்தனுக்கும் வந்தது. முத்திரை உடைந்தது குற்றம் என்று அதில் எழுதியிருந்தனர். ஆடி குறையின்றி வேலை செய்தது தங்கள் சோதனையின் சிறப்பைக் காட்டுகிறது என்றும் எழுதியிருந்தனர். இரண்டையும் ஒரே ஓலையில், அடுத்தடுத்த வரியில் எழுதியிருந்தனர். நெடுஞ்சேந்தன் அதை மூன்றுமுறை படித்தான். சினம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

அவ்வளவும் மாறங்கண்ணனாரின் குற்றம் என்று எழுதி முடிக்க அவனுக்கும் விருப்பம்தான். ஆனால் பட்டயத்தை எடுத்து விரித்தபோது அதிலிருந்த கையெழுத்து அவனுடையதாக இருந்தது.

முப்பதாண்டுக்கு முன், கோமகளாரின் தந்தையார் ஆட்சியில், வழிப்போக்கரைக் கொள்ளையிடும் ஆறலைகள்வர் மலைமேல் பொய்யொளி காட்டி ஓர் உப்புவணிகர் கூட்டத்தை வழிதிருப்பிப் படுகுழியில் தள்ளிக் கொன்றனர். நாடு கொதித்தது. யார் கையில் ஆடி இருக்கலாம் என்பதற்கு ஒரு பட்டயம் எழுதும்படி அரசர் பணித்தார். நெடுஞ்சேந்தனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கோபுரத்தார் சோதித்து முத்திரையிடாத ஆடி எவர் கையிலும் இருத்தலாகாது. இட்ட முத்திரையை எக்காரணத்தாலும் உடைத்தலாகாது. உடைத்தவர் தம் தொழிலையும் தொழில் செய்யும் இடத்தையும் இழப்பர் என்று எழுதினான். எத்தனை நாளுக்குள் சோதிக்கவேண்டும் என்று எழுதவில்லை. எதைச் சோதிக்கவேண்டும் என்றும் எழுதவில்லை. எக்காரணத்தாலும் என்ற சொல்லைப் போட்டபோது, கள்வர் நுழைய ஊசிமுனை அளவும் இடம் இல்லை என்று அவன் மார்தட்டிக்கொண்டான். அரசர் மகிழ்ந்து வெள்ளிப்பிடி போட்ட எழுத்தாணி ஒன்றைத் தந்தார். அன்று முதல் அவன் எழுதிய எல்லாப் பட்டயங்களும் அந்த எழுத்தாணியால் எழுதியவை. இவ்வோலையும் அதனால் எழுதுவதே.

பொருள் கூறுமாறு தாங்கள் கேட்டபின், ஐந்து நாள் அந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தான். உயிர்காக்க உடைத்தால் குற்றமில்லை என்று கூற ஏதாவது சந்து கிடைக்குமா என்று தேடினான். கிடைக்கவில்லை. கள்வர்க்கு அடைத்த வாயில் கொற்றிக்கும் அடைத்தே இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால், பட்டயத்தின்படி கொற்றி குற்றவாளி. அவள் ஆற்றை விட்டுப் போகவேண்டும். பொய்ப்பொருள் கூறினால், இனி எந்தப் பட்டயத்துக்கும் எவரும் எப்படியும் பொருள் கூறலாம் என்றாகிவிடும். முப்பத்தோராண்டு எழுதியவன் கடைசியில் அதைச் செய்ய விரும்பவில்லை.

மூன்றாம் வழி ஒன்று உண்டு. நம் நாட்டில் எவரும் நினைவுகொள்ள விரும்பாத வழக்கு அது. பட்டயம் எழுதியவன், தன் எழுத்துப் பிழை என்று தன் கையாலேயே எழுதி, தான் பட்டயம் எழுதும் எழுத்தாணியை ஒடித்து உடன் அனுப்பினால், அப்பட்டயம் எழுதிய நாள் முதலே எழுதப்படாததாகும். ஒடித்தவன் மீண்டும் பட்டயம் எழுதலாகாது. அவையில் இருத்தலும் ஆகாது.

நெடுஞ்சேந்தன் கோமகளார் திருமுன்பு சென்று இதைத் தெரிவித்தான். வேறு வழி இல்லையா என்று அவர் கேட்டருளினார். இல்லை என்றான். வருந்துகிறாயா என்று கேட்டருளினார். பட்டயம் எழுதாமல் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அதுதான் வருத்தம் என்றான். கோமகளார் தம் மோதிரத்தைக் கழற்றி, இவ்வோலைக்கு முத்திரையிடுக என்று தந்தருளினார்.

ஆகவே கோமகளார் ஆணையால் எழுதுவதாவது. முப்பதாண்டுக்கு முன் எழுதிய ஆடிப் பட்டயம் பிழை. அதைப் பிழையாக எழுதியவன் ஏனாதி நெடுஞ்சேந்தன். அது இன்று இல்லை, அன்றும் இல்லை. இல்லாத பட்டயத்தின் முத்திரையை எவரும் உடைக்கவில்லை. மடைக்காவல் கொற்றி குற்றமற்றவள். கல்மடையும் ஆற்றங்கரையும் அவளுக்கும் அவள் வழியினர்க்கும் உரியவை. புதிய பட்டயம் எழுதப்படும்வரை, எந்த ஆடியையும் பதினைந்து நாளுக்குள், வெயிலில், அது எந்த ஊருக்கு உரியதோ அந்த ஊரிலேயே நின்று சோதிக்கவேண்டும். கீலில் ஆணி அறைதல் கூடாது. வாழ்த்து விரும்பியவர் சொல்லலாம். அழிசி பரணில் வைத்திருக்கும் ஆடியை வேள் ஆளனுப்பி வாங்கி, மழைக்குமுன் கல்மடையில் சேர்ப்பிக்க. புதிய பட்டயத்தை எழுதப்போகிறவர் யாராயினும், எழுதுமுன் ஒருமுறை மடைமேல் ஏறி நின்று கீழே பார்க்க.

இவ்வோலையைத் துறைநாட்டின் எல்லாத் துறைகளிலும் உரக்கப் படிக்கச் செய்க. தென்கோபுரத்தாரும் வடகோபுரத்தாரும் தம் கோபுரங்களிலிருந்து இதை ஒளியில் அனுப்புக. ஞாயிறு உள்ளளவும் இச்சொல் நிற்க. நில்லாது போகுமாயின், பிழை கண்டவன் அதைச் சொல்லத் துணிக. கோமகள் வானவல்லியார் மோதிர முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. ஏனாதி நெடுஞ்சேந்தன் எழுத்து. இரண்டாய் ஒடித்த எழுத்தாணி வெள்ளிப்பிடியோடு பட்டுத்துணியில் சுற்றி உடன் வருகிறது.

இந்த வரிகளைப் பக்கத்து வீட்டு வைத்தியரிடம் இரவல் வாங்கிய எழுத்தாணியால் எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருந்தால் பொறுத்தருள்க. கொற்றியிடம் ஒரு சொல் சொல்லவேண்டும். அன்று மடைமேல் நின்று உடைக்காதே என்று சொன்னவன் நான். அவள் கேட்காமல் போனது நல்லதாயிற்று என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.